எங்கே சிக்குது? மெதுவாகப் படிப்பவர்களுக்கு ஒரு பழுதுபார்ப்பு

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி முடியும். பை பையாக வாங்கிக்கொண்டு போவார்கள். பிப்ரவரி பாதியில் எங்கள் கிளை நூலக வாசகர் வட்டத்தில் புலம்பல் ஆரம்பிக்கும். "பதினாலு புத்தகம் வாங்கினேன் சார். ஒண்ணுல நாற்பதாவது பக்கத்துல நிக்கிறேன். வேகமாப் படிக்க ஏதாவது வழி இருக்கா?"

நான் மெய்ப்புத் திருத்துபவன். இருபத்து மூன்று வருடமாக, அச்சுக்குப் போகும் பக்கங்களை எழுத்து எழுத்தாகப் பார்த்துப் பிழைக்கிறேன். அதாவது மெதுவாகப் படிப்பதற்குக் கூலி வாங்குகிறவன். வேகம் பற்றிப் பேச எனக்கு என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் கண்ணும் மனசும் எந்தெந்த இடத்தில் தடுக்கும் என்பது இந்தத் தொழிலில் நன்றாகத் தெரிந்துபோகும். அதனால் வழி கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "எங்கே சிக்குது?"

கிணற்று மோட்டார் தண்ணீர் இறைக்கவில்லை என்றால் ஃப்யூஸ் போயிருக்கலாம், காற்று வாங்கியிருக்கலாம், கிணற்றில் தண்ணீரே இல்லாமலும் இருக்கலாம். மூன்றுக்கும் ஒரே வைத்தியம் செய்ய முடியாது. படிப்பு மந்தமாவதும் அப்படித்தான். கண், எழுத்துப் பழக்கம், விஷயப் பழக்கம், கவனம் என்று காரணம் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருக்குச் சரிப்பட்ட வழி இன்னொருவருக்குக் கெடுதலாகவும் முடியும். கீழே உங்கள் தொந்தரவு எது என்று பார்த்து நேராக அங்கே போங்கள். அளவெடுக்கும் பகுதியை மட்டும் தாண்டாதீர்கள்.

முதலில் அளந்து பாருங்கள்

"நான் ரொம்ப ஸ்லோ" என்று சொல்கிறவர்களில் பெரும்பாலோர் அளந்ததே இல்லை. சாதாரணமாக அச்சான ஒரு நாவலோ கட்டுரைத் தொகுப்போ எடுத்துக்கொள்ளுங்கள். முழு வரியாக உள்ள ஐந்து வரிகளில் எத்தனை சொல் என்று எண்ணி ஐந்தால் வகுத்தால் வரிக்கு இத்தனை சொல் என்று கிடைக்கும். ஆறு, ஏழு என்று வரும். இப்போது போனில் ஐந்து நிமிடத்துக்கு அலாரம் வைத்து, பந்தயத்துக்கு ஓடுகிற மாதிரி இல்லாமல், எப்போதும் படிக்கிற மாதிரி படியுங்கள். அலாரம் அடித்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. 84 வரி, வரிக்கு ஆறரைச் சொல் என்றால் 546 சொல். ஐந்தால் வகுத்தால் நிமிடத்துக்கு 109.

உடனே இணையத்தில் தேடி மனசைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். பெல்ஜியத்தைச் சேர்ந்த மார்க் பிரைஸ்பார்ட் என்ற உளவியலாளர் 190 ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் ஒரு கணக்குச் சொன்னார்: வளர்ந்தவர்கள் மௌனமாகப் படிக்கும்போது கட்டுரையில் நிமிடத்துக்கு 238 சொல், கதையில் 260. அது ஆங்கிலத்துக்கான கணக்கு. தமிழில் 'வீட்டுக்குள்ளிருந்து' என்பது ஒரு சொல்; ஆங்கிலத்தில் அதையே சொல்ல மூன்று நான்கு சொல் வேண்டும். இரண்டு மொழி எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது கிலோவையும் லிட்டரையும் ஒப்பிடுகிற வேலை. உங்கள் எண்ணை உங்கள் போன மாத எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

அளந்த கையோடு புத்தகத்தை மூடிவிட்டு, படித்ததை நாலு வரியில் யாரிடமாவது சொல்லுங்கள். ஆள் இல்லையென்றால் சுவரிடம் சொல்லுங்கள். சொல்ல வரவில்லை என்றால் அந்த 109க்கு மதிப்பு இல்லை. எண்ணையும் தேதியையும் "சொல்ல வந்தது / வரவில்லை" என்பதையும் புத்தகத்தின் கடைசி வெற்றுப் பக்கத்தில் குறித்து வையுங்கள்.

"பத்து நிமிஷத்தில் கண் வலிக்குது, எழுத்து மங்குது"

நாற்பது வயதைத் தாண்டியவரா? புத்தகத்தை முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்துப் பாருங்கள். பிறகு கையை நீட்டிப் பிடியுங்கள். நீட்டினால் தெளிகிறது என்றால் அது வெள்ளெழுத்து. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயதோடு இறுகிப் போவதால் கிட்டத்தில் இருப்பதைப் பார்க்க வளைந்து கொடுப்பதில்லை. அவ்வளவுதான். எங்கள் வட்டத்துக்கு வந்த ஒரு வங்கி ஊழியர், 47 வயது, "எனக்கு இலக்கியத்துல ருசியே போயிடுச்சு" என்று ஒரு வருடம் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடி போட்டதும் ருசி திரும்பி வந்துவிட்டது.

வயது குறைவாக இருந்தும் தலைவலி, எழுத்து இரண்டாகத் தெரிவது என்று இருந்தால் கண் மருத்துவரிடம் போங்கள். இரண்டு கண்ணும் கிட்டத்தில் சேர்ந்து குவிவதில் சிரமம் இருக்கலாம். இதெல்லாம் இல்லை என்றால் விளக்கைப் பாருங்கள். பல வீடுகளில் டியூப்லைட் முதுகுக்குப் பின்னால் இருக்கும், படிப்பவரின் தலை நிழலே பக்கத்தின் மேல் விழும். நாற்காலியைத் திருப்பிப் போட்டால் போதும். திரையில் படிப்பவர்கள் கண் சிமிட்ட மறந்துவிடுகிறார்கள். கண் உலர்ந்து எரிவதற்கு அதுவே காரணமாக இருக்கும்.

"ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்"

கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டே போவதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். அது தவளை மாதிரி தாவித் தாவித்தான் போகிறது. தாவும்போது எதுவும் தெரியாது. நிற்கிற இடத்தில், ஏறத்தாழ கால் நொடியில், சில எழுத்துகள் துலக்கமாகத் தெரியும். ஜாவால் என்ற பிரெஞ்சுக் கண் மருத்துவர் 1879இல் வெளியிட்ட கட்டுரையோடு இந்த விஷயம் ஆய்வுக்கு வந்தது. நம்பாவிட்டால் ஒரு செய்தித்தாளின் நடுவில் பென்சிலால் துளை போட்டு, எதிரே ஒருவரை உட்காரவைத்து, மேலிருந்து கீழே படிக்கச் சொல்லி, துளை வழியே அவர் கண்ணைப் பாருங்கள். டக், டக், டக் என்று குதிப்பது தெரியும். நடுநடுவே ஒரு பின்தாவலும் தெரியும்.

நன்றாகப் படிக்கிறவர்களுக்கும் பத்துத் தாவலில் ஒன்று பின்னால்தான் போகும். அது பழுது இல்லை. பின்தாவல் அதற்கு மேல் போனால் எந்த வகை என்று பார்க்க வேண்டும்.

வரி முடிந்து அடுத்த வரிக்கு வரும்போது இடம் தவறி, படித்த வரிக்கே வந்து விழுகிறீர்களா? ஒரு அஞ்சலட்டையை எடுத்துப் படிக்கும் வரிக்கு *கீழே* வைத்து இறக்கிக்கொண்டே வாருங்கள். நாங்கள் மெய்ப்புப் பார்க்கும்போது ஸ்கேல் வைப்பது இதற்குத்தான்.

வரி தவறவில்லை, ஆனால் படித்த சொல்லின் மேல் நம்பிக்கை இல்லாமல் "சரியாகத்தான் படித்தோமா" என்று கண் பின்னால் போகிறதா? அப்படியென்றால் அட்டையை *மேலே* வைக்க வேண்டும். படித்த வரியை மூடிக்கொண்டே வாருங்கள். முதல் இரண்டு நாள் எரிச்சலாக இருக்கும், ஏதோ விட்டுப்போன மாதிரி தோன்றும். பத்தி முடிந்ததும் அட்டையைத் தூக்கிச் சரிபார்த்துக்கொள்ளலாம் என்று உங்களுக்கே சலுகை கொடுத்துக்கொள்ளுங்கள். முக்கால்வாசி நேரம் எதுவும் விட்டுப்போயிருக்காது. பரீட்சைக்கு வரி வரியாக மனப்பாடம் செய்து வளர்ந்தவர்களிடம் இந்தப் பழக்கம் நிறைய. அட்டையை மேலே வைக்க வேண்டியவர்கள் கீழே வைத்துக்கொண்டு "பலனே இல்லை" என்று சொல்வதையும் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது வகை, வாக்கியம் நிஜமாகவே புரியாமல் திரும்புவது. அதற்கு அட்டை வேண்டாம். திரும்பிப் படியுங்கள், அதுதான் சரியான வைத்தியம். மூன்று முறை படித்தும் புரியவில்லை என்றால் எழுதியவர் மேலேயும் கொஞ்சம் சந்தேகப்படலாம்.

"உள்ளுக்குள்ளே குரல் கேட்டுக்கிட்டே இருக்கு"

வேக வாசிப்பு வகுப்பு எடுக்கிறவர்களின் முதல் எதிரி இந்தக் குரல். அதைக் கொன்றால் வேகம் பறக்கும் என்பார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. விரலை உதட்டில் வைத்துக்கொண்டு ஒரு பக்கம் படியுங்கள். உதடு அசைகிறதா? அசைந்தால் நீங்கள் வாய்விட்டுப் பேசும் வேகத்துக்கு மேல் போக முடியாது. அதை விட வேண்டியதுதான். ஒரு பென்சிலைப் பல்லில் படாமல் உதட்டால் மட்டும் கவ்விக்கொண்டு தினம் கால் மணி நேரம் படித்தால் இரண்டு வாரத்தில் அசைவு அடங்கிவிடும்.

உதடு அசையவில்லை, மனசுக்குள் மட்டும் ஒலிக்கிறது என்றால் விட்டுவிடுங்கள். அந்த ஒலி, சொல்லைப் புரிந்துகொள்ளும் வேலையின் ஒரு பகுதி. அதை வலுக்கட்டாயமாக அடக்கினால் கடினமான பகுதிகளில் புரிதல் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கதையில் ஒரு கிழவி பேசும்போது அவள் குரல் காதில் விழாமல் என்ன படிப்பு?

"தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வருது"

இந்தப் பகுதி கொஞ்சம் நீளும். எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இந்த ரகம்.

பெங்களூரில் வளர்ந்து வேலைக்குச் சென்னை வந்த ஒரு பெண். வீட்டில் தாராளமாகத் தமிழ் பேசுவார். ஆங்கிலத்தில் தடி நாவலை இரண்டு ராத்திரியில் முடிப்பார். தமிழில் படித்தது சினிமா போஸ்டரும் பஸ் போர்டும்தான். ஒரு சிறுகதையைக் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். நாலாவது வரியில் நின்றார். விரலை அங்கேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"சார், இந்த வார்த்தை எங்க முடியுது?"

'போய்க்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்.' பதினெட்டு எழுத்து. பதினெட்டும் அவருக்குத் தெரியும். ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டு கடைசி 'ம்'முக்கு வரும்போது முதலில் இருந்த 'போய்' மறந்துபோகிறது.

"எழுத்தா எண்ணாதம்மா. துண்டு போடு" என்றேன். பென்சிலை வாங்கிக் கோடு போட்டார்: போய் / க்கொண்டிருந்த / வர்களுக்கு / எல்லாம். நாலே துண்டு. நாலும் அவர் தினமும் வாயால் சொல்கிறவை, என்ன, பேச்சில் 'போய்ட்ருந்தவங்களுக்கெல்லாம்' என்று வரும்.

தமிழில் நீளச் சொல் பயமுறுத்தும், ஆனால் அதன் வால்கள் எண்ணிக்கையில் குறைவு. -க்கொண்டிருந்த, -விட்டது, -வில்லை, -இலிருந்து, -ஆகத்தான், -என்றால். இவையே பக்கத்துக்குப் பக்கம் திரும்ப வரும். ஒரு வாரம், நாளைக்கு ஒரு பக்கம், நீளமான சொற்களில் வால் தொடங்கும் இடத்தில் ஒரு சிறு கோடு போடுங்கள். நூலகப் புத்தகத்தில் வேண்டாம், செய்தித்தாளில். ஒரு வாரத்தில் வால்கள் எழுத்தாகத் தெரியாமல், தெரிந்த முகம் மாதிரி மொத்தமாகத் தெரிய ஆரம்பிக்கும். அதற்குப் பிறகு கோடு தேவைப்படாது.

இன்னொரு தடங்கல் கொம்பு. 'கொ' என்பதில் காது முதலில் கேட்பது 'க்'. கண் முதலில் பார்ப்பதோ கொம்பை. நடுவில் 'க', கடைசியில் கால். ஒலி ஒரு வரிசை, எழுத்து ஒரு வரிசை. சின்ன வயதிலேயே தமிழ் படித்தவர்களுக்கு இது உறைக்கவே உறைக்காது. முப்பது வயதில் படிக்க வருகிறவர்கள் ஒவ்வொரு கொம்பிலும் அரை நொடி தடுக்குவார்கள். இதற்குத் தந்திரம் எதுவும் இல்லை. நிறையப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

நிறையப் பார்ப்பதற்கு ஒரு நல்ல வழி, ஒரே பகுதியைத் திரும்பப் படிப்பது. 1979இல் சாமுவேல்ஸ் என்ற அமெரிக்கக் கல்வி உளவியலாளர், திணறிப் படிக்கும் மாணவர்களை வைத்து இதை எழுதினார். ஒரு சின்னப் பகுதியை, சரளம் வரும்வரை, நேரம் குறித்துக்கொண்டே திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும். இதில் அழகு என்னவென்றால், அடுத்து எடுக்கும் புதுப் பகுதியிலும் தொடக்க வேகம் கூடியிருக்கும். நம் பெங்களூர்ப் பெண் ஒரு 150 சொல் பத்தியை முதல் தடவை 3 நிமிடம் 40 நொடியில் படித்தார். நாலாவது தடவை 1 நிமிடம் 25 நொடி. மறுநாள் கொடுத்த வேறு பத்தியை, முதல் தடவையே 2 நிமிடம் 50 நொடியில் முடித்தார். கடிகாரத்தைப் பார்த்து அவரே சிரித்துவிட்டார்.

அவருக்கு அதைவிடப் பெரிய உதவி அம்மாவிடமிருந்து வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா பெங்களூரிலிருந்து போனில் ஒரு கதையை வாசிப்பார். இவர் அதே கதையை இங்கே விரல் வைத்துப் பின்தொடர்வார். குரல் முன்னால் போக, கண் பின்னால் ஓடும். காது ஏற்கெனவே தமிழ் அறிந்தது என்பதால் கண்ணுக்குக் கைப்பிடி கிடைத்துவிடுகிறது. ஆறு மாதத்தில் ஒரு முழு நாவல் முடித்தார்.

ஒரு எச்சரிக்கை. யாரோ நல்லது என்று சொன்னார்கள் என்பதற்காக முதல் புத்தகமாக வட்டார வழக்கு நாவலை எடுக்காதீர்கள். அருமையான நாவலாகவே இருக்கும். ஆனால் பொதுத்தமிழ்ச் சொல்லின் வடிவமே கண்ணுக்குப் பழகாத நேரத்தில், அதை உடைத்து எழுதிய வடிவம் வந்தால் இரட்டை வேலை. சிறுவர் கதை, காமிக்ஸ், விளையாட்டுப் பக்கம், இப்படித் தொடங்கலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

"பழைய பதிப்புன்னா மட்டும் தடுக்குது"

தாத்தாவின் அலமாரியிலிருந்து எடுத்த புத்தகமா? 1978இல் தமிழ்நாடு அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. அதற்கு முன்பு அச்சான புத்தகங்களில் லை, ளை, ணை, னை ஆகியவற்றுக்கு யானைத் துதிக்கை மாதிரி வளைந்த வடிவம் இருக்கும். ணா, றா, னாவில் காலும் எழுத்தோடு ஒட்டி வளைந்திருக்கும். இந்த ஏழு எழுத்தையும், கூடவே ணொ, ணோ போன்ற அவற்றின் உறவுக்காரர்களையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி, பக்க அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். இருபது பக்கத்தில் பழகிவிடும்.

எழுத்து பழகியும் தடுக்கிறது என்றால் அது சந்தி. 19ஆம் நூற்றாண்டு உரைநடையில் சொற்களைப் புணர்த்தி ஒரே ரயிலாக ஓட்டிவிடுவார்கள். முன்பு சொன்ன துண்டு போடும் பயிற்சிதான் இங்கேயும். இது அவமானம் என்று நினைத்தால் ஓலைச்சுவடியை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. பெரும்பாலும் புள்ளி கிடையாது. வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் மாற்றம் சொல்லும்வரை எ, ஏ வேறுபாடும் இன்று இருக்கிற மாதிரி இல்லை. அப்படிப்பட்ட சுவடிகளை ஒப்பிட்டுத்தான் உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். எது மூலம், எது உரை, எது மேற்கோள் என்று பிரிப்பதே அவருக்குப் பெரும்பாடாக இருந்திருக்கிறது. நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"வேகமாத்தான் படிக்கிறேன், ஒண்ணும் நிக்கலை"

டிஎன்பிஎஸ்சி குரூப் 4க்குப் படிக்கும் ஒரு தம்பி நூலகத்துக்குத் தினமும் வருவான். சமச்சீர் சமூக அறிவியல் புத்தகம், கையில் மஞ்சள் ஹைலைட்டர். ஒருநாள் எட்டிப் பார்த்தேன். பக்கம் முழுக்க மஞ்சள். கோடு போடாத வரி மூன்றுதான் இருந்தது. "இந்த மூணு மட்டும் ஏன்ப்பா விட்டே?" என்றால், "மை தீந்துடுச்சு சார்" என்றான்.

கோடு போடுவதும் திரும்பப் படிப்பதும், படித்துவிட்டோம் என்ற நினைப்பைத் தரும். அந்த நினைப்புதான் ஆபத்து. 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் மாணவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் பாடத்தைத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு பகுதியினர் மூடிவைத்து, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ். தம்பியிடம் ஹைலைட்டரை வாங்கிக்கொண்டு ஒரு ரஃப் நோட்டைக் கொடுத்தேன். ஒரு தலைப்பு முடிந்ததும் மூடு, நினைவில் இருப்பதை எழுது, திறந்து விட்டதைப் பார். முதல் நாள் அவன் எழுதியது இரண்டு வரி. முகம் செத்துவிட்டது. ஆனால் இந்தப் பழுதுக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

பரீட்சைக்காக இல்லாமல் ஆசைக்குப் படிக்கிறவருக்கும் ஒன்றும் நிற்கவில்லை என்றால், விஷயப் பழக்கத்தைச் சோதியுங்கள். 1988இல் அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளிடம் பேஸ்பால் ஆட்டத்தை வர்ணிக்கும் ஒரு பகுதியைக் கொடுத்தார்கள். நன்றாகப் படிக்கத் தெரிந்து ஆட்டம் தெரியாத பிள்ளைகளைவிட, படிப்பில் சுமாராக இருந்தும் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். இதை நான் வீட்டிலேயே பார்க்கிறேன். என் மச்சான் மகன் பாடப் புத்தகத்தில் ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிடம் எடுப்பான். கிரிக்கெட் செய்தியை அப்படியே விழுங்குவான். அவனுக்குக் கண்ணில் கோளாறும் இல்லை, தமிழில் கோளாறும் இல்லை.

ஆகவே பொருளாதாரம் பற்றித் தடித்த புத்தகம் ஒன்று நகரவில்லை என்றால், அதே பொருளில் நூறு பக்கத்துக்குள் ஒன்றை முதலில் படித்துவிட்டு வாருங்கள். பள்ளிப் பாடப் புத்தகமே போதும். பொருளடக்கம், முன்னுரை, கடைசி அத்தியாயம் மூன்றையும் முதலில் புரட்டிவிட்டு உள்ளே போவதும் உதவும். நாவலுக்கு மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

"ரெண்டு பக்கத்துல கை போனுக்குப் போயிடுது"

போனை அடுத்த அறையில் வையுங்கள். கவிழ்த்து வைப்பது போதாது, சட்டைப் பையில் வைப்பது சுத்தமாக வேலைக்கு ஆகாது. திரையில் படிக்கிறீர்கள் என்றால் முக்கியமானதைத் தாளுக்கு மாற்றிப் பாருங்கள். 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு 2018இல் வந்தது, தகவல் கட்டுரைகளை நேர நெருக்கடியில் படிக்கும்போது தாளில் படித்தவர்களின் புரிதல் திரையைவிடக் கொஞ்சம் மேல் என்றது. இருபது நிமிடம் போதும். அதிலும் கை நமநமக்கிறது என்றால் புத்தகம் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். தூக்கிப் போட்டுவிட்டு வேறு எடுங்கள். காசு கொடுத்து வாங்கினோமே என்று முடிப்பது, கெட்டுப்போன சாம்பாரைக் காசு போட்ட பாவத்துக்குக் குடிக்கிற மாதிரி.

"நாளைக்கு ஒரு புத்தகம் படிக்கணும், அதுக்கு வழி?"

இது பழுது இல்லை, ஆசை. அமெரிக்காவில் ஈவ்லின் வுட் என்ற ஆசிரியை 1959இல் வேக வாசிப்பு வகுப்பு தொடங்கியதிலிருந்து இந்த ஆசைக்கு நல்ல வியாபாரம். கையைப் பக்கத்தின் மேல் வீசிக்கொண்டே போவது, நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சொல் என்றெல்லாம் சொன்னார்கள். கண்ணசைவை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த கீத் ரெய்னரும் அவருடைய சகாக்களும் இதையெல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்து எழுதிய கட்டுரை 2016இல் வெளிவந்தது. முடிவு எளிது: வேகத்தைக் கூட்டினால் புரிதல் குறையும், இரண்டையும் ஒருசேரப் பல மடங்காக்கும் வித்தை இல்லை. அப்படிப் பறப்பவர்கள் செய்வது மேய்தல். ஏற்கெனவே தெரிந்த விஷயத்தில் மேய்ந்தாலும் புரிந்துவிடும் என்பதால் படித்த மாதிரி இருக்கும்.

மேய்தல் மட்டம் என்று சொல்ல மாட்டேன். தெரிந்துகொண்டு மேய வேண்டும். அலுவலகச் சுற்றறிக்கை, அரசாணை, முப்பது பக்க அறிக்கை, இதையெல்லாம் வரி வரியாகப் படிக்கிறவர் நேரத்தை வீணடிக்கிறார். பத்தியின் முதல் வாக்கியம், எண்கள், பெயர்கள், "எனவே", "ஆனால்" என்று தொடங்கும் வாக்கியங்கள் இவற்றை மட்டும் பொறுக்கிக்கொண்டு போய், வேண்டிய இடத்தில் வண்டியை நிறுத்தினால் போதும். சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நாலாவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. அவர் அதை நூலகருக்குச் சொன்னார். வாசகரும் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளலாம்.

நிஜமாகவே வேகம் கூட வேண்டும் என்றால் வழி ஒன்றுதான், அது விளம்பரத்துக்கு லாயக்கில்லாத வழி. நிறையப் படிக்க வேண்டும். படித்தால் சொல் சேரும். சொல் சேர்ந்தால் நிறுத்தம் குறையும். நிறுத்தம் குறைந்தால் சலிப்பு குறைந்து இன்னும் படிப்போம். படிக்காதவருக்கு இதே சக்கரம் பின்பக்கமாகச் சுற்றும்.

"படிச்சு என்ன ஆகப்போகுதுன்னு பாதியில தோணுது"

வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றும்: புத்தகம் படித்தால் ஆயுள் கூடும் என்று. அதற்குப் பின்னால் நிஜமாகவே ஓர் ஆய்வு இருக்கிறது. 2016இல் வெளிவந்தது, அமெரிக்காவில் ஐம்பது வயதைக் கடந்த 3,635 பேரைப் பன்னிரண்டு ஆண்டு பின்தொடர்ந்தது. புத்தகம் படித்தவர்கள் படிக்காதவர்களைவிட ஏறத்தாழ இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தார்கள். படிப்பு, வருமானம், உடல்நிலை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துத்தான் சொன்னார்கள். இருந்தாலும் படித்ததால் வாழ்ந்தார்களா, வாழ வசதியும் அமைதியும் இருந்தவர்கள் படித்தார்களா என்று இந்த மாதிரி ஆய்வில் முழுதாகப் பிரிக்க முடியாது. நான் இதை யாரிடமும் சொல்லிப் புத்தகத்தைத் திணிப்பதில்லை.

கண்ணெதிரே தெரிகிற லாபத்தைச் சொல்கிறேன். பேச்சில் வராத சொல் எழுத்தில்தான் வரும். வாடகை ஒப்பந்தத்தில் எட்டாவது பத்தியை முழுசாகப் படித்து, "இது என்ன, ரெண்டு மாச வாடகையைப் பிடிச்சுக்குவோம்னு போட்டிருக்கு?" என்று கேட்கிறவர் நாவல் படிக்கிறவராக இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நீள வாக்கியம் அவரை மிரட்டுவதில்லை.

"பையனுக்குப் பத்து வயசு, இன்னும் தடவித் தடவிப் படிக்கிறான்"

மேலே சொன்ன எதையும் அவனிடம் முயற்சி செய்யாதீர்கள். பேச்சில் கெட்டிக்காரன், கதை சொன்னால் நன்றாகப் புரிகிறது, ஆனால் படிக்கும்போது மட்டும் எழுத்து மாறுகிறது, சொல்லை ஊகித்துப் படிக்கிறான், எழுதச் சொன்னால் ஓடுகிறான் என்றால் டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடாக இருக்கலாம். சோம்பேறித்தனம் இல்லை. கண்ணையும் காதையும் ஒருமுறை சோதித்துவிட்டு, கற்றல் குறைபாட்டை மதிப்பிடும் நிபுணரிடம் அழைத்துப் போங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இது சேர்க்கப்பட்டிருக்கிறது. தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளைப் பள்ளியில் கேட்கலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதை அன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

"பிழை மட்டும்தான் கண்ணுக்குத் தெரியுது"

இது என் வியாதி. தமிழாசிரியர்களுக்கும் உண்டு.

பல வருடத்துக்கு முன்னால் ஒரு பள்ளி விழா அழைப்பிதழ் வந்தது. நாலு பேர் பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பிய பிரதி. 'கல்வி விழா' என்பதில் 'ல்'லின் புள்ளி விழுந்து 'கலவி விழா' என்றிருந்தது. நாலு பேரும் அதைக் 'கல்வி' என்றே படித்திருக்கிறார்கள். பள்ளிக்கூடம், விழா, தலைமையாசிரியர் பெயர் எல்லாம் சுற்றியிருக்க, மனசு புள்ளியைத் தானே வைத்துக்கொண்டது. வேகமாகப் படிப்பது என்றால் இதுதான்: அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே தெரிந்து, கண் பாதியைப் பார்க்க, மனசு மீதியை நிரப்பிக்கொள்வது. என் வேலையோ அப்படி நிரப்பவே கூடாது என்பது. நிரப்பாத பழக்கம் இருபத்து மூன்று வருடத்தில் ஊறிப்போய், ஒரு கட்டத்தில் எனக்குக் கதையே ஓடவில்லை. அளந்து பார்த்தேன்: நாவலில் நிமிடத்துக்கு 60 சொல். மெய்ப்பு வேகம்.

முதலில் கையிலிருந்த பென்சிலை விட்டேன். பென்சில் இருந்தால் கண் வேலைக்குப் போய்விடும். அப்புறம் மேசையை விட்டுப் பாய்க்கு வந்தேன். ஏற்கெனவே படித்துக் கதை தெரிந்த நாவல்களை எடுத்து, பிழை பிடிக்க அவகாசம் இல்லாத அளவுக்குக் கொஞ்சம் விரட்டிப் படித்தேன், முன்னே சொன்ன அட்டையை மேலே வைத்துக்கொண்டு. மூன்று மாதத்தில் 140 வந்தது. போன வாரம் ஒரு புது நாவலில் எண்பது பக்கம் ஒரே ஓட்டமாக ஓடிவிட்டேன். எண்பத்தோராம் பக்கத்தில் 'வாழ்த்துகள்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'வாழ்த்துக்கள்' என்று இருந்தது. எழுந்து போய்ப் பென்சிலைத் தேடினேன். வீட்டுக்காரி எங்கேயோ ஒளித்து வைத்திருந்தாள்.